கேம் ஆடினால் மனசு கெடுமா? மணிக்கணக்கை வைத்து ஒரு சண்டை

அரைத்தூக்கம் | திங்கள், இரவு 11:40

எங்கள் அடுக்ககத்து வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. தினமும் இரண்டு மணி நேரம் வீடியோ கேம் ஆடினால் மூளை போதை அடிமையின் மூளை மாதிரி ஆகிவிடுமாம், வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்களாம். எந்த விஞ்ஞானி, எந்த நாடு, ஒன்றும் கிடையாது. கீழே பன்னிரண்டு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் என் மாமியார்.

நானும் ஆடுகிறவன்தான். மகள் தூங்கிய பிறகு, பத்தரைக்கு மேல். அதனால் கொஞ்சம் ரோஷம் வந்து தேடிப் படித்தேன். படித்தவரை இங்கே போடுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்.

முதலில் என்னையே சுட்ட விஷயம். பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை, எத்தனை மணி நேரம் ஆடுகிறீர்கள் என்று ஆடுகிறவரையே கேட்டு எழுதிக்கொண்டவை. என்னைக் கேட்டால் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை என்பேன். வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். கேம் வாங்கி ஆடுகிற ஸ்டீம் செயலியைத் திறந்தால் ஒரே கேமில் 1,140 மணி நேரம் காட்டுகிறது. அந்தக் கேமை வாங்கி ஒன்றேகால் வருடம்தான் ஆகிறது. வகுத்துப் பாருங்கள்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி குழுவினர் 2020இல் கேம் நிறுவனங்களிடமே போய், யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்ற சர்வர் கணக்கைக் கேட்டு வாங்கினார்கள். அனிமல் கிராஸிங் ஆடியவர்கள் 2,756 பேர், பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ் ஆடியவர்கள் 518 பேர். அதிகம் ஆடியவர்கள் கொஞ்சம், கவனியுங்கள், கொஞ்சம்தான், நல்ல மனநிலையில் இருந்தார்கள். தாங்கள் ஆடிய நேரத்தை அவர்கள் கூட்டித்தான் சொன்னார்களாம். என்னைப் போலக் குறைத்துச் சொல்கிற கணவன்மார் அங்கே குறைவு போலிருக்கிறது.

2022இல் அதையே பெரிதாகச் செய்தார்கள். ஏழு கேம்கள், 38,935 பேர், ஆறு வாரம். ஒருவர் வழக்கத்தைவிடக் கூட ஆடினால் அடுத்து மனசு மாறுகிறதா, மனசு மாறினால் ஆடுவது கூடுகிறதா, இரண்டு திசையிலும் பார்த்தார்கள். ஏறக்குறைய பூஜ்யம். வித்தியாசம் ஒருவருக்கே தெரிய வேண்டுமானால் வழக்கத்துக்கு மேல் தினம் பத்து மணி நேரம் கூட ஆட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். பத்து மணி நேரம்! எனக்கு ஆபீஸ் இருக்கிறது.

மாமியாருக்கு அனுப்பலாமா?


முகில் | திங்கள், இரவு 11:52

அனுப்புங்கள் அண்ணா. அப்படியே என் அப்பாவுக்கும் ஒன்று.


கணக்கு டீச்சர் | செவ்வாய், காலை 6:15

அனுப்புவதற்கு முன் ஒன்று. அந்த இரண்டு ஆய்விலும் கலந்துகொண்டவர்கள் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள். நான் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறேன். என் முதல் பீரியடில் கடைசி பெஞ்சில் தலை சாய்க்கிறவனுக்கு 14 வயது.

இன்னொன்றையும் விட்டுவிட்டீர்கள். நிறுவனங்கள் லட்சக்கணக்கானவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பின, பதில் போட்டவர்கள் அதில் கொஞ்சம் பேர்தான். மனசு சரியில்லாமல் படுத்துக் கிடக்கிறவன் கேள்வித்தாளைத் திறந்து நிரப்புவானா? வருகைப் பதிவேட்டில் இருப்பவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று சொல்லக் கூடாது.


சதுரங்கக்குதிரை | செவ்வாய், காலை 8:03

டீச்சர் பாயின்ட். நான் கேட்க வந்தது வேறு. தரவைக் கொடுத்தது யார்? கேம் விற்கிறவன். சாராயக் கடைக்காரர் கொடுத்த கணக்கை வைத்துக் கல்லீரல் ஆராய்ச்சி செய்த மாதிரி இருக்கிறது.


அரைத்தூக்கம் | செவ்வாய், காலை 9:20

நியாயமான சந்தேகம். ஆனால் நிறுவனங்கள் கொடுத்தது நேரக் கணக்கு மட்டும். மனநிலை பற்றிய கேள்விகளுக்கான பதில்கள் நேரே ஆய்வாளர்களுக்குப் போயின. ஆய்வுக்குப் பணமும் அவர்கள் தரவில்லை. தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்கும்படி பொதுவில் வைத்தார்கள்.

எனக்கு உறுத்துவது எந்தக் கேம்கள் வந்தன என்பதுதான். அனிமல் கிராஸிங், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஈவ் ஆன்லைன், ஃபோர்ஸா ஹொரைஸன் 4, கிராண்ட் டூரிஸ்மோ ஸ்போர்ட், அவுட்ரைடர்ஸ், தி க்ரூ 2. மூன்று கார் ரேஸ்! நம் ஊர் பஸ்ஸில் பையன்கள் போனைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு ஆடுகிற எதுவும் பட்டியலில் இல்லை. கணக்கைக் காட்ட முன்வந்தவர்களை மட்டும் வைத்துத்தான் நமக்குத் தெரிந்ததெல்லாம். காட்டாதவர்கள் ஏன் காட்டவில்லை என்பது தனிக் கேள்வி.


முகில் | செவ்வாய், காலை 9:31

ஈவ் ஆன்லைன் ஆடுகிறவர்களுக்கு மனநலம் நன்றாக இருக்கிறது என்றால் நான் நம்பத் தயாரில்லை. அது விண்வெளியில் எக்ஸெல் ஷீட் நிரப்புகிற வேலை.


யோக்கஹாமாக்காரன் | செவ்வாய், மதியம் 1:10

சதுரங்கக்குதிரைக்குப் பதில் ஜப்பானில் இருக்கிறது. அந்தக் கதைக்குள் நானும் ஒரு ஓரமாக இருந்தேன்.

2020 நவம்பரில் சோனியின் கேம் கருவி பி.எஸ்.5 (ப்ளேஸ்டேஷன் 5) வந்தது. விலை 49,980 யென், வரி தனி. காசு இருந்தாலும் கிடைக்காது. கொரோனா, சிப் தட்டுப்பாடு, வாங்கி வைத்து விற்கிறவர்கள், எல்லாம் சேர்ந்துகொண்டது. கடைகள் வரிசையை விட்டுவிட்டுக் குலுக்கல் வைக்க ஆரம்பித்தன. பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முடிவு மின்னஞ்சலில் வரும். "ஸன்னென் நகரா" என்று தொடங்கினால் அதற்கு மேல் படிக்கத் தேவையில்லை, வருந்துகிறோம் என்று அர்த்தம். எனக்கு ஏழு முறை ஸன்னென் நகரா. பக்கத்து மேஜை சகாவுக்கு முதல் முறையே விழுந்தது. அவர் ஒரு கேம்கூட வைத்திருக்கவில்லை, மனைவி சொன்னாரென்று பெயர் கொடுத்தவர்.

நிஹோன் பல்கலைக்கழகத்து ஹிரோயுகி எகாமி குழு இதைப் பிடித்துக்கொண்டது. ஆடுகிறவனையும் ஆடாதவனையும் சும்மா ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. தனிமையில் இருப்பவன்தான் கேமுக்குள் போயிருப்பானோ, காசுள்ளவன்தான் வாங்கியிருப்பானோ என்று கேள்வி வந்துகொண்டே இருக்கும். குலுக்கலில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஏழு முறை தோற்ற நானும் ஒரே முறையில் ஜெயித்த அவரும் பெயர் கொடுத்ததில் ஒன்றுதான், சீட்டு விழுந்ததுதான் வித்தியாசம். எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் பல்லாயிரம் பேருக்கு இப்படிச் சீட்டுப் போட்டுக் கருவி கொடுக்க முடியாது. இங்கே கடைகளே செய்து கொடுத்தன.

2020 முதல் 2022 வரை 97,602 பேரிடம் கேட்டார்கள். குலுக்கலில் கலந்துகொண்டவர்கள் அதில் 8,192 பேர். வயது 10 முதல் 69 வரை, ஆகவே டீச்சர் கேட்ட பிள்ளைகளும் உண்டு. கருவி (பி.எஸ்.5 அல்லது நின்டெண்டோ ஸ்விட்ச்) கிடைத்தவர்களுக்கு மனஉளைச்சல் குறைந்திருந்தது, வாழ்க்கைத் திருப்தி கூடியிருந்தது. நேரம் கூடக் கூடப் பலன் தேய்ந்தது, நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டிய பிறகு சேர்வது குறைவு. 2024இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் என்ற ஆய்விதழில் வந்தது. பி.எஸ்.5 இளையவர்களுக்குக் கொடுத்த பலன் மட்டும் குறைவு. கேமுக்குக் கேம், ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்கு இதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாமே கொரோனா காலம். வெளியே போக முடியாத நாளில் கேம் கொடுத்த ஆறுதலை இன்றைக்கு அப்படியே நீட்டிப் பேச முடியாது. எனக்கு இன்றுவரை பி.எஸ்.5 இல்லை. மனநிலை சுமார்.


சதுரங்கக்குதிரை | செவ்வாய், மாலை 5:44

குலுக்கல் ஆய்வு பிடித்திருக்கிறது, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் கேட்கிறேன், இவ்வளவு சின்ன விளைவுகளை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஏன் இவ்வளவு சத்தம்?


அரைத்தூக்கம் | செவ்வாய், மாலை 6:30

அதைத்தான் 2019இல் எமி ஓர்பனும் ஷிபில்ஸ்கியும் கேலி மாதிரிக் காட்டினார்கள். 3,55,358 பதின்ம வயதினரின் தரவு. கேம் மட்டுமல்ல, டிவி, போன், கணினி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் மனநல வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. அதே தரவில் உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு இருந்தது.


முகில் | செவ்வாய், மாலை 6:33

அப்போ பஜ்ஜிக் கடைக்கும் வயது வரம்பு வைக்க வேண்டும்.


நிழல்குடை | செவ்வாய், இரவு 10:05

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் மனநல ஆலோசகர், பதினோரு வருடமாக. சராசரிக் கணக்கு எல்லாம் சரி. சராசரி ஆழம் மூன்றடி என்ற குளத்திலும் ஆள் முழுகுகிற இடம் இருக்கும். என்னிடம் வருகிறவர்கள் அந்த இடத்தில் நிற்பவர்கள்.

உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறைத் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் சேர்த்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. நேரம் போட்டிருப்பார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஒரு மணிக்கணக்குகூட அதில் கிடையாது. மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லையா, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே கேம் போய் உட்கார்ந்துவிட்டதா, கெடுதல் கண்ணெதிரே நடந்தும் தொடர்கிறதா. அதுவும் படிப்பு, வேலை, உறவு உடைகிற அளவுக்கு, பொதுவாக ஒரு வருடம். அரைப் பரீட்சை லீவில் நாள் முழுக்க ஆடியவன் இதில் வரமாட்டான்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் இதை இன்னும் ஆராய வேண்டியவற்றின் பட்டியலில்தான் வைத்தது. ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருந்தால் கோளாறு என்ற அந்த அளவுகோலை வைத்து 2017இல் நான்கு நாடுகளில் 18,932 பேரைப் பார்த்தபோது, பொருந்தக்கூடியவர்கள் நூற்றுக்கு 0.3 முதல் 1 வரை. குறைவுதான். ஆனால் கோடிக்கணக்கானவர்கள் ஆடுகிற நாட்டில் நூற்றில் அரைப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை.

பெற்றோர் உள்ளே வந்ததும் முதலில் என் மேஜையில் வைப்பது பையனை அல்ல, போனை. பிடுங்கிய போன், பெரும்பாலும் திரையில் விரிசலோடு. ஒரு பையனைச் சொல்கிறேன், அடையாளம் மாற்றியிருக்கிறேன். ஊர் மாறிப் புதுப் பள்ளி. அங்கே அவன் பேச்சு வழக்கைக் கிண்டல் செய்தார்கள், வகுப்பில் வாயே திறப்பதில்லை. இரவில் கேமில் ஹெட்செட் போட்டதும் நான்கு பேருக்குக் கட்டளை போடுகிறவன் அவன்தான். "எங்கே இறங்கணும்னு என்னைத்தான் கேப்பாங்க" என்றான். மூன்று சந்திப்பில் அவன் நிமிர்ந்து சொன்ன ஒரே வாக்கியம் அது. அப்பா போனைப் பிடுங்கினார், இவன் சாப்பாட்டை நிறுத்தினான். கேமால் வந்த சோர்வா, சோர்வால் வந்த கேமா? எனக்கு வேலை பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு ஆய்விலும் இதன் வாசனை உண்டு, அரைத்தூக்கம் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆட ஆசைப்பட்டு ஆடுகிறவரையும், ஆடாவிட்டால் இருப்புக் கொள்ளாமல் ஆடுகிறவரையும் பிரித்துப் பார்த்தால் இரண்டாமவர் மனநிலை மோசம். நேரத்தைவிட இதுதான் தெரிகிறது.

யாருக்காவது தேவைப்பட்டால்: பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் ஷட் என்ற பெயரில் இதற்கென்றே ஒரு கிளினிக் நடக்கிறது. அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.


பாலைவனக்கப்பல் | புதன், காலை 7:50

எல்லாரும் பேசுகிறீர்கள், பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் சித்தப்பா மகன் ஆன்லைன் ரம்மியில் விட்டது ஒரு வீட்டு அட்வான்ஸ். இதற்கு உருளைக்கிழங்கு ஜோக்கா?


நிழல்குடை | புதன், காலை 9:15

வருந்துகிறேன் தம்பி. அதனால்தான் இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடாதீர்கள் என்கிறேன். காசு கட்டி ஆடும் ரம்மி சூதாட்டத்தின் பக்கம். அதன் மனநலக் கணக்கே வேறு: கடன், மறைப்பு, விட்டதைப் பிடிக்கிற வெறி. தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்தது, ஆளுநரின் ஒப்புதல் கிடைக்க 2023 ஏப்ரல் ஆனது. 2025இல் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு இரவு 12 முதல் காலை 5 வரை கதவடைப்பு விதித்த விதிகளை உயர் நீதிமன்றமும் ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையே மொத்தமாகத் தடை செய்து சட்டம் போட்டது.

ஆனால் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. சாதாரணக் கேம்களில் வருகிற, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கிற பெட்டிகள், லூட் பாக்ஸ். அதில் அதிகம் செலவழிக்கிறவர்களுக்குச் சூதாட்டப் பிரச்சினையும் அதிகம் என்று 2018இல் ஸெண்டில், கேர்ன்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். எது எதை இழுக்கிறது என்பது அதில் தெரியாது. பெல்ஜியம் அதே ஆண்டு அவற்றைச் சட்டவிரோதச் சூதாட்டம் என்றது. மணிக்கணக்கைவிட நான் பெற்றோரிடம் முதலில் கேட்பது யு.பி.ஐ. வரலாற்றைத்தான்.


சதுரங்கக்குதிரை | புதன், மதியம் 12:20

சரி, அப்படியானால் சீனா மாதிரி எல்லாக் கேமுக்கும் நேரக் கட்டுப்பாடு போட்டுவிட்டால் என்ன? வெள்ளி, சனி, ஞாயிறு, இரவு 8 முதல் 9 வரை. முடிந்தது.


யோக்கஹாமாக்காரன் | புதன், மதியம் 12:48

முடியவில்லை. நீங்கள் சொல்வது 2021இல் வந்தது. அதற்கு முன் 2019இலேயே அங்கே சிறுவர்களுக்கு சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம் என்று வரம்பு போட்டிருந்தார்கள். அது வேலை செய்ததா என்று மேலே வந்த அதே ஸெண்டில் குழு பார்த்தது. 700 கோடி மணி நேரத்துக்கு மேற்பட்ட விளையாட்டுத் தரவு. அளவுக்கு மீறி ஆடுவது குறைந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. அந்தத் தரவில் சிறுவர் யார், பெரியவர் யார் என்று பிரிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கொரியா 2011இல் 16 வயதுக்குக் கீழே நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேமைப் பூட்டியது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருடம் இழுத்துவிட்டு 2022இல் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.


முகில் | புதன், மதியம் 12:55

நம் ஊரில் 2020இல் பப்ஜியைத் தடை செய்தபோது நான் ப்ளஸ் ஒன். ஸ்குவாட்டில் நான்கு பேரும் அன்றைக்கு ராத்திரியே வேறு கேமுக்குக் குடிபோனோம். துக்கம் அனுசரிக்கக்கூட நேரமில்லை.

சீரியஸாக ஒன்று சொல்கிறேன். நிழல்குடை அக்கா சொன்ன இரண்டாவது வகை எனக்கு வந்திருக்கிறது. காலேஜ் முதல் வருடம், சீசன் முடிய நான்கு நாள், ரேங்க் புஷ், அதாவது கேமின் தரவரிசையில் மேலே ஏற விடாமல் ஆடுவது. விரல் வலி, கண் எரிச்சல், மேட்ச் தோற்றால் சுவரில் ஒரு குத்து. அதில் ஒரு நிமிடம்கூடச் சந்தோஷமாக இல்லை. ஆனால் நிறுத்தினால் ரேங்க் இறங்கிவிடும். அதே கேமை இப்போதும் ஆடுகிறேன், அதே நேரம்தான் ஆகும், ரேங்க் பக்கம் போவதில்லை. என் மணிக்கணக்கைப் பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும்.


கணக்கு டீச்சர் | வியாழன், இரவு 8:40

முகில் எழுதியதைப் படித்துவிட்டு இன்று அந்தக் கடைசி பெஞ்சுக்காரனைக் கூப்பிட்டேன். வழக்கமாக "எத்தனை மணி வரைக்கும் ஆடினே?" என்று ஆரம்பிப்பேன். அவனும் "பத்து வரைக்கும்தான் மிஸ்" என்பான். இருவருக்கும் அது பொய் என்று தெரியும். இன்றைக்கு "யார் கூட ஆடுறே?" என்று கேட்டேன்.

அண்ணனோடு. அண்ணன் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை. ஷிப்ட் முடிந்து அறைக்கு வர அங்கே பதினொன்று, இங்கே பன்னிரண்டரை. போன் பண்ணினால் அம்மா எடுத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுகிறாராம், இவர்கள் இரண்டு பேருக்கும் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை. கேமில் மைக் போட்டால் பேசலாம். அங்கே அம்மா இல்லை. "சாப்டியா, பீஸ் கட்டியாச்சா, எல்லாம் அதுலதான் மிஸ் கேப்பான்" என்றான். நடுநடுவே சுடவும் செய்வார்களாம்.

தூக்கம் போவது போவதுதான், அதை நான் விடப் போவதில்லை. அண்ணனுக்கு வார விடுப்பு என்றைக்கு, அன்றைக்குச் சாயங்காலமே ஆடினால் என்ன என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றான். முதல் பீரியடில் தூங்குகிறவன் மதியம் கணக்கு நேரத்தில் விழித்திருந்து, ஷார்ஜாவுக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசத்தைக் காகிதத்தில் கழித்துக்கொண்டிருந்தான். இந்த வருடம் அவன் தானாகப் போட்ட முதல் கணக்கு அது. விடை சரி.